புன்னைக்காயலில் ஒரு பழைய கிழிசல்

லைசென்ஸ் கைக்கு வந்து நான்கு மாதம் ஆகியும் மதுரை ரிங் ரோட்டைத் தாண்டி நான் கார் ஓட்டியதில்லை. தை மாதத்தில் சனி, ஞாயிறு இரண்டும் ஓய்வாகக் கிடைத்தன. தூத்துக்குடி, புன்னைக்காயல், உடன்குடி என்று கடலோரமாக ஒரு சுற்று, முழுக்க நானே ஓட்டுவது என்று முடிவானது. அதில் தேறினால் திங்கள் முதல் திருமங்கலத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு பஸ்ஸில் தொங்காமல் காரிலேயே போகலாம். எனக்கும் என் கணவர் சரவணனுக்கும் அதுதான் ஒப்பந்தம்.

சனி காலை 5.40க்குக் கிளம்பி எட்டயபுரம் வழியாக 8.45க்குத் தூத்துக்குடி சேர்ந்தோம். 152 கி.மீ. அறை வாடகை 1,600 ரூபாய். இட்லி முடித்துவிட்டு 36 கி.மீ. தள்ளியிருக்கும் புன்னைக்காயலுக்கு வண்டியைத் திருப்பினோம். பழையகாயல் வரை இருபுறமும் உப்பளங்கள். லாரிகள் சொட்டவிட்டுப் போகும் தண்ணீர் ரோட்டில் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். ஆத்தூரைத் தாண்டியதும் பெயின்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கர் ஒன்று. நான் பார்க்கவில்லை. முப்பது கி.மீ. வேகத்தில் டமால் என்று ஏறி இறங்கினேன். பிறகு அடியில் கர்ரென்று ஒரே இழுவைச் சத்தம்.

இறங்கிப் பார்த்தால், என்ஜினுக்கு அடியில் மூடியிருக்கும் பிளாஸ்டிக் தட்டு, மெக்கானிக்குகள் அண்டர் கவர் என்பார்களே, அது ஒரு பக்கம் பிய்ந்து ரோட்டில் தேய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாவியை இவர் கையில் திணித்து, இந்த ஜென்மத்தில் இனி கார் ஓட்ட மாட்டேன் என்றேன். இவர் திட்டவே இல்லை. பழகும்போது இதெல்லாம் சகஜம், புதுசாக மாற்றிவிடலாம் என்றார், குனிந்துகூடப் பார்க்காமல். தங்கமான மனுஷன் என்று நெகிழ்ந்துபோனேன்.

இவரே உருட்டிக்கொண்டு 11.20க்குப் புன்னைக்காயல் சேர்த்தார். மாதா கோயிலைத் தாண்டி, படகுகள் பக்கம் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். பெயர் ஜெரோன், ஐம்பது வயதிருக்கும். மெக்கானிக்கிடம் பார்த்துக்கொள்கிறோம் என்று இவர் இரண்டு முறை தடுத்தும், அதற்குள் அவர் சாக்கை விரித்து அடியில் நுழைந்துவிட்டார். வலையில் கிழிசலைக் கண்டால் புதிதா பழையதா என்று பார்த்த பிறகுதான் ஊசியை எடுப்பார்களாம். பழையது என்றால் நைந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் பின்ன வேண்டுமாம்.

அடியிலிருந்தே குரல் வந்தது. "அண்ணாச்சி, இது இன்னைக்குக் கிழிஞ்சது இல்ல. புதுசுன்னா ஓரம் வெளுப்பா இருக்கும்லா? இங்கன சேறு ஏறி இறுகிப் போயிருக்கு. கட்டுக்கம்பி வேற போட்டு யாரோ கட்டியிருக்காவ. அந்தக் கம்பிதான் இப்ப அந்துருக்கு."

இவர் கோயில் கோபுரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

"ஆடி மாசம், கயத்தாறு சர்வீஸ் ரோட்டுல," என்றார் கடைசியில். "சொல்லணும்னுதான் இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆறு மாதமாகத் தெரிந்தே வைத்துக்கொண்டு, என்னை ரோட்டோரம் அழவிட்டுப் பெருந்தன்மை காட்டியிருக்கிறார். ஜெரோன் முன்னால் எதுவும் பேச வேண்டாம் என்று கையை மட்டும் நீட்டினேன். சாவி வந்தது.

ஜெரோன் நைலான் நூலால் மூன்று இடத்தில் இழுத்துக் கட்டினார். காசு வாங்கவில்லை. "ஊரு போய்ச் சேருற வரைக்கும் நிக்கும். ஆனா மாத்தாம விட்டுராதிய. உப்புத் தண்ணி என்ஜின்ல அடிக்கும்," என்றார், என்னைப் பார்த்து.

காயல்பட்டினம், திருச்செந்தூர் வழியாக நானே உடன்குடிக்கு ஓட்டினேன். கருப்பட்டி ஒரு கிலோ வாங்கிக்கொண்டு மாலை 4.30க்குத் தூத்துக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினோம். கவரைக் கழற்றிப் போட்டுவிட்டாலும் வண்டி ஓடும் என்றார் மெக்கானிக். காலையில் புதுசு மாற்றத் துடித்த இவர், இப்போது அதற்குத் தலையாட்டினார். உண்மை வெளியே வந்த பிறகு எதற்கு வெட்டிச் செலவு என்ற எண்ணம்தான். புதுசே போடுங்கள் என்றேன். கவர் 1,850, கூலி 300.

நூலை அறுத்துக்கொண்டே மெக்கானிக் இவரிடம், "மேடம் ஓட்டுனாவளோ?" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன்.

"இல்லண்ணே. நான் ஓட்டுனப்ப உடைஞ்சது," என்றார் இவர்.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: ஆத்தூரிலிருந்து புன்னைக்காயல் வரை ஸ்பீட் பிரேக்கர்களை நம்ப வேண்டாம், இருபதில் போங்கள். உள்ளூருக்குள் மட்டும் ஓடும் வண்டி என்றால் கவர் இல்லாமல் சில நாள் சமாளிக்கலாம். உப்பள ரோட்டில் ஓட்டுகிறவர்கள் மாற்றிவிடுவது நல்லது. தொங்கவிட்டு மட்டும் ஓட்டாதீர்கள். ஊரிலிருந்து கிளம்புமுன் ஒரு முறை குனிந்து அடியில் பாருங்கள். வீட்டுக்காரர் அதெல்லாம் பார்க்க வேண்டாம் என்றால், கட்டாயம் பாருங்கள்.

திங்கள் காலை 8.10க்குப் பள்ளி வாசலில் காரை நிறுத்தினேன். இவர் அன்று பஸ்ஸில் போனார்.