கருப்புக்குப் போன சிட்டங்கள்

அவனியாபுரத்தில் துளசிராமின் சாயப்பட்டறை எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். சௌராஷ்டிரக்காரர். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவர் போட்ட சாயத்தில் குறை கண்டவர் இல்லை என்று பேர். அந்தப் பேரைக் காப்பாற்றுவதையே அவர் முழுநேர வேலையாக வைத்திருந்தார்; சாயம் போடுவது அதற்கு அடுத்தபடிதான்.

2003-இல் சாயக் கழிவுத்தண்ணீர் விவகாரத்தில் அவருக்கு அரசு நோட்டீஸ் வந்தது. தண்ணீரைக் குறைக்க வேண்டும், முடியாவிட்டால் பட்டறையை மூட வேண்டும். கல்லூரியில் வேதியியல் நடத்தும் அசோக்குமார் அப்போதுதான் ஒரு திட்டத்தோடு வந்தார். டென்மார்க்கில் ஒரு சின்னக் கம்பெனி, சாயம் போட்ட நூலை ஒரே அலசலில் சுத்தமாக்க ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தது. அந்தக் கம்பெனியும் நம்மூர்ச் சிறுதொழில் ஒன்றும் சேர்ந்து அதைச் சோதித்தால், செலவை இரண்டு நாட்டு அரசுகளும் ஏற்கும். முதல் வருஷ வேலையைப் பார்த்துத்தான் அடுத்த வருஷப் பணம். தண்ணீர் குறைவாகக் குடிக்கும் புதுத் தொட்டிகள் அதில்தான் வரும்.

"சர்க்கார் பணம், வெளிநாட்டு மருந்து, என் தொட்டி. இதுல எனக்கு என்ன சார் நட்டம்?" என்று துளசிராம் கையெழுத்துப் போட்டார். ஆராய்ச்சி என்றால் என்ன என்று அவரும் கேட்கவில்லை, அசோக்குமாரும் சொல்லவில்லை.

சாயக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சிட்டம், அதாவது சாயம் போட்ட நூல் கட்டு, திட்டுத்திட்டாக வந்துவிட்டால் அதை வெளியே காயப்போட மாட்டார்கள். ஈரத்தோடு கருப்புத் தொட்டியில் முக்கிவிடுவார்கள். கருப்பு எல்லாவற்றையும் மூடிவிடும். மருந்து சொதப்பிய நாளிலெல்லாம் பட்டறை ஆள் மருது, யாரும் சொல்லாமலே, செய்ய வேண்டியதைச் செய்தான். துளசிராமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வருஷக் கடைசியில் டென்மார்க்காரர் வந்தார். சிட்டங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று இருந்தன. கெட்டுப்போனவை எங்கே என்று கேட்டார்.

"நம்ம பட்டறையில கெட்டது ஏது சார்?" என்றார் துளசிராம், நெஞ்சை நிமிர்த்தி.

அசோக்குமார் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் வந்தவரின் முகம் சுருங்கியது. இருவரும் நெடுநேரம் பேசினார்கள். பிறகு அசோக்குமார் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எந்தத் தண்ணியில, எம்புட்டுச் சூட்டுல இந்த மருந்து வேலை செய்யலைன்னு தெரிஞ்சுக்கத்தான் இம்புட்டுச் செலவும். ஒண்ணுகூட கெடலைன்னு எழுதுனா எவனும் நம்ப மாட்டான். அடுத்த வருஷப் பணம் கிடையாது."

பணம் இல்லையென்றால் புதுத் தொட்டி இல்லை; தொட்டி இல்லையென்றால் பட்டறையை மூட வேண்டியதுதான். பட்டறை போனால் ஐம்பது வயசுக்கு மேல் அவருக்கு வேறு தொழில் தெரியாது. மருதுவைப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்தான்.

"கெட்டுச்சு சார். நெறையவே கெட்டுச்சு. எல்லாத்தையும் கருப்புல போட்டு வித்துட்டேன்" என்றார் துளசிராம்.

டென்மார்க்காரர் கோபப்படவில்லை. கெட்ட சோதனைகளை மறுபடி செய்து, கெட்டதைக் கெட்டபடியே காட்டினால் அடுத்த வருஷப் பணத்துக்குத் தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

தை முடிவதற்குள் சிட்டங்கள் மறுபடியும் திட்டுத்திட்டாக வந்து நின்றன.

"அண்ணே, உள்ளாறயே காயப் போட்ருவமா?" என்றான் மருது.

"நல்ல வெயில்ல காஞ்சாத்தான் திட்டு சரியாத் தெரியுமாம். வாசல்லயே போடு."

கொடியில் நாலு சிட்டம் ஏறுவதற்குள் கிரிதரனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. துளசிராமுக்கு மைத்துனன், அவனுக்கும் சாயத்தொழில்தான். அவன் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் நூல் வியாபாரிகள் அத்தனை பேருக்கும் போய்விடும். என்ன ஆயிற்று என்று வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் மெதுவாகக் கேட்டான்.

மருது ஏதோ சமாளிக்க வாயெடுத்தான். துளசிராம் அவனைக் கையமர்த்திவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி தமிழில் சொன்னார்:

"கெட்டுப்போச்சு மாப்ள. நான் போட்ட சாயந்தான். உள்ள இன்னும் இருக்கு, வந்து பாத்துட்டுப் போ."

சொன்னவர் அடுத்த சிட்டத்தைத் தானே உதறி, திட்டு தெருப்பக்கம் தெரியும்படி விரித்துப் போட்டார்.