காணாமல் போகாத பெட்டி

“பிள்ளை, கொம்பியூட்டர் வந்திட்டுது. ஆனா கொம்பியூட்டரைக் காணேல்லை.”

பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம் ஒன்றின் பெரிய கிளாக்கர் ஐயா டெலிபோனில் இப்படித்தான் ஆரம்பித்தார். யாழ்ப்பாணத்து மனுசர். ஒரு பென்சில் குறைந்தாலும் ஆபீசையே தலைகீழாகப் புரட்டித் தேடுவார். அவர் குரல் நடுங்கியதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, ஒரு பேக்கரியின் மாடியில் என் கம்பியூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. இரண்டாயிரங்களின் பின்பாதி அது. இப்போது கடையை மூடிவிட்டேன். ஆனாலும் தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் கேட்பதை நிறுத்தவில்லை. “மிஸ், பெரிய ஸ்கிரீன் ஆல்-இன்-வன் வாங்கலாமா? அதுக்கெல்லாம் இன்னும் இடம் இருக்கா?” என்கிறார்கள். இருக்கா இல்லையா என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் இந்தத் தோட்டத்துக் கதை விட்டுப்போகும். அதனால் கதையைச் சொல்கிறேன், பதிலையும் சொல்கிறேன்.

பாஸ் வரலியா?

மலைநாட்டில் கைவேலை தெரிந்தவர் எல்லாரும் ‘பாஸ்’. கொத்து வேலைக்கு மேசன் பாஸ், லைட் எரியாவிட்டால் கரண்டு பாஸ். கம்பியூட்டர் ரிப்பேருக்கு ஆள் கேட்டால் கம்பியூட்டர் பாஸ் வருவார் என்று காத்திருப்பார்கள். டூல் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் போய் இறங்கினால், என் தலைக்கு மேலால் ரோட்டைப் பார்ப்பார்கள்.

“பாஸ் பின்னாடி வர்றாராங்க மிஸ்?”

“வர்றாரு, வர்றாரு. அதுக்குள்ள நான் செஞ்சு முடிச்சிர்றேன்.”

வேலை முடிந்த பிறகும் சிலர் பாஸுக்கென்று தேத்தண்ணி எடுத்து வைத்திருப்பார்கள். அதையும் நானே குடித்திருக்கிறேன்.

இந்தத் தோட்டத்துக்கு முதல் கம்பியூட்டர் பூட்டியதும் நான்தான், தொண்ணூறுகளின் கடைசியில். பின்பக்கம் புடைத்த மொனிட்டர், அதன் பக்கத்தில் சிபியு என்று எல்லாரும் சொல்லும் நிமிர்ந்த பெட்டி, ஒரு கீபோர்ட். மொனிட்டருக்கு ஆபீசில் டீவி என்று பெயர். யாரைக் கேட்டாலும் அந்த டீவியைக் காட்டித்தான் கம்பியூட்டர் என்றார்கள். மின்னல் அடிக்கும்போது டீவியை மட்டும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு தடவை பெட்டி புகைந்தது. பொறுக்க முடியாமல் எல்லாரையும் நிற்கவைத்து வகுப்பெடுத்தேன்.

“பெட்டிதான் கம்பியூட்டர். டீவி சும்மா காட்டுறதுக்கு. பெட்டி போனா எல்லாம் போச்சு. வெளங்குதா?”

நன்றாகவே விளங்கியிருக்கிறது. அதுதான் வினை.

மேசை சுத்தமாக இருக்கணும்

அந்தத் தோட்டத்து மானேஜரான பெரிய தொரை கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர். தோட்டத் தமிழ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் தோட்டத்து ஆட்களிடம் வா, போ, எடு, நிப்பாட்டு என்று ஏவுகிற சொற்கள் மட்டும்தான் வாயில் வரும். கேட்கிற தமிழ், கெஞ்சுகிற தமிழ் எல்லாம் அவர் படிக்கவில்லை. அதற்கு அவசியமும் வந்ததில்லை.

அவர் ஒருநாள் கொழும்பு ஹெட் ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கே ரிசெப்ஷனில் பெரிய ஸ்கிரீன் வைத்த ஆல்-இன்-வன். வயர் கிடையாது, பெட்டி கிடையாது, மேசை பளபளவென்று இருந்ததாம். அதே மாதிரி தனக்கும் வேண்டும் என்றார். தேயிலை வேலைக்கு அது எதற்கு என்று ஹெட் ஆபீசிலும் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. பழைய மெஷினைத் தொழிற்சாலை ஸ்டோருக்குத் தள்ளினார்கள்.

புதுச் சாமான் ஒரு மாலை நேரம் லொறியில் வந்தது. கிளாக்கர்மார் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாச்சர் சின்னச்சாமி அண்ணன்தான் காட்போட் பெட்டியைத் தூக்கி ஆபீசுக்குள் வைத்து, கையெழுத்துப் போட்டு, காவல் இருந்தவர். காலையில் கிளாக்கர் ஐயா பிரித்தார். பெரிய டீவி இருந்தது. கீபோர்ட், மவுஸ் இருந்தன. சார்ஜர் மாதிரி ஒரு கறுப்புக் கட்டியும் இருந்தது. பெட்டி இல்லை.

கொழும்புக்கு டெலிபோன் போட்டுப் “பெட்டி வரவில்லையே” என்று கேட்டிருக்கிறார்கள். “எல்லாம் அனுப்பியாச்சு” என்று பதில் வந்தது. எல்லாம் அனுப்பியாச்சு, பெட்டியைக் காணோம், இடையில் இருந்தது ஒரே ஒரு ஆள். கணக்கு எவ்வளவு சுத்தமாக முடிந்துவிட்டது பாருங்கள்.

மறுநாள் காலைப் பெரட்டில், தோட்டத்துச் சனம் மொத்தமும் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கிற அந்த இடத்தில், தொரை சின்னச்சாமியைக் கூப்பிட்டார். “சின்னச்சாமி களவாணி. வேலை நிப்பாட்டு” என்றார். பொலிசில் என்ட்ரியும் போட்டாச்சு. அன்று பின்னேரமே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பொடியன்கள் அவருக்கு ‘சிபியு’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

முதுகிலயோ?

இவ்வளவும் நடந்த பிறகுதான் எனக்கு டெலிபோன் வந்தது. அதுவும் சின்னச்சாமிக்காக இல்லை. பெட்டி மட்டும் தனியாக வாங்க முடியுமா என்று விசாரிக்க.

நான் போனபோது மெஷின் மேல் ஒரு பூப்போட்ட மேசை விரிப்பு மூடியிருந்தது.

“கரண்ட் குடுத்துப் பாத்தீங்களா ஐயா?”

“சீச்சீ. பெட்டி இல்லாமல் கரண்ட் குடுத்தா டீவி எரிஞ்சுபோம் எல்லோ பிள்ளை.”

விரிப்பை எடுத்தேன். அந்தக் கறுப்புக் கட்டியைச் செருகினேன். சுவிட்சைத் தட்டினேன். ஸ்கிரீன் நீலமாக விரிந்து மணியும் அடித்தது.

“அப்ப பெட்டி?” என்றார் கிளாக்கர் ஐயா.

“இதுதான் ஐயா பெட்டி. டீவியும் இதுதான். எல்லாம் பின்னுக்கு இருக்கு.”

“முதுகிலயோ?”

“முதுகிலதான்.”

அவர் கையை விட்டு மெஷினின் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “ஐயோ பிள்ளை, அந்த மனுசனை நான்தானே காட்டிக் குடுத்தனான்” என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அந்த ஆபீசில் வெட்கப்பட்ட ஒரே ஆள் அவர்தான். அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

சின்னச்சாமி அண்ணன் வெளிப்படியில் நின்றார். வேலை நிப்பாட்டிய பிறகும் நாள் தவறாமல் வந்து அங்கேயே நிற்பாராம்.

“பொட்டி கெடச்சிருச்சாங்க மிஸ்?”

“காணாமப் போகவே இல்லண்ணே. இந்தச் சாமானுக்குப் பொட்டியே கெடையாது.”

துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “இத பெரட்டுல சொல்லச் சொல்லுங்க மிஸ். அங்க வச்சுத்தான் என்னைய களவாணின்னாரு. மகளுக்குக் கந்தப்பளையில பேசி வச்சிருக்கோம். களவாணி வீட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னு சொல்லி விட்டிருக்காங்க. வேலைகூட பொறவு பாத்துக்கலாங்க. அந்த ஒரு வார்த்தைய அவரு வாயால சொல்லணும்.”

மன்னிச்சாச்சு

தொரையிடம் போனேன். மெஷினைத் திருப்பி முதுகைக் காட்டி விளக்கினேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அதில்தான் பிரச்சினை.

“ஹெட் ஆபீசுக்கு எழுதியாச்சு, மிஸ். சிபியு களவு போச்சு எண்டு. இப்ப என்ன எழுத? எனக்கு கம்பியூட்டர் தெரியாது எண்டு எழுதவா?”

“அதைத்தானே தொரை எழுதணும்.”

அவர் என்னைப் பார்க்காமல் கிளாக்கர் ஐயாவைப் பார்த்தார். “ஸ்டோர்ல பழைய பெட்டி இருக்கு. எடு. இங்க வை.”

பழைய மெஷினின் வெறும் கூடு வந்து சேர்ந்தது. உள்ளே ஒன்றும் கிடையாது. ஸ்டோருக்குத் தள்ளும்போதே மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாவற்றையும் நானே கழற்றியிருந்தேன். பெட்டி கிடைத்துவிட்டது என்று ஹெட் ஆபீசுக்குச் சொல்லிவிடலாமாம். அதை மெஷினோடு கனெக்ட் பண்ணச் சொன்னார் தொரை. எங்கே குத்துவது என்று கேட்டேன். அந்த வேலையை நான் செய்யமாட்டேன் என்று பேக்கை மூடினேன். கரண்டு பாஸைக் கூப்பிட்டார்கள். அவர் தொழில் தெரிந்த ஆள், கேள்வி கேட்கவில்லை. வயரின் ஒரு முனையைப் பெட்டியில் சொருகினார், மற்ற முனையை மேசைக்காலில் கட்டினார்.

அடுத்த பெரட்டில் தொரை அறிவித்தார். “பெட்டி கெடச்சது. சின்னச்சாமிய மன்னிச்சாச்சு. வேலைக்கு வா.”

தொழிற்சங்கத் தலைவர் முன்னால் வந்து, இது தொழிலாளர் ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி என்று பேசினார். சின்னச்சாமிக்கு மாலையும் போட்டார். பாவம், முன்பு அவர்மேல் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. இப்போது பெட்டியும் கிடைத்து, மன்னிப்பும் கிடைத்து, அவர் முழுக் களவாணி ஆகிவிட்டார். மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அப்படியே வேலைக்குப் போனதாகக் கிளாக்கர் ஐயா சொன்னார்.

அந்த வருடம் ஆயுத பூசையில் புது மெஷினுக்கும் வெறும் பெட்டிக்கும் பொட்டு வைத்தார்கள். பெட்டிதான் மூளை என்பதால் அதற்குப் பெரிய பொட்டு.

இது என்ன சார்?

பிறகு கொழும்பிலிருந்து பெரியவர்கள் தோட்டம் பார்க்க வந்தார்கள். மெஷின் மக்கர் பண்ணினால் மானம் போய்விடும் என்று தொரை என்னையும் வரச் சொல்லியிருந்தார். வந்தவர்களில் ஒரு இளம் எஞ்சினியர் இருந்தார், கொழும்புத் தமிழ்ப் பிள்ளை. ஸ்கிரீனைப் பார்த்துப் பாராட்டினார். அப்புறம் அவர் பார்வை கீழே போனது.

“இது என்ன சார்?”

“யூபிஎஸ்” என்றார் தொரை.

“ஏன் மேசையோட கட்டியிருக்கு?”

“அது பெக்கப்.”

எஞ்சினியர் குனிந்து தூக்கினார். கனம் இருக்கும் என்று நினைத்து இழுத்ததில் பின்னால் சாய்ந்தார். பெட்டியைக் குலுக்கினார். ஒரு கரப்பான் பூச்சி இறங்கி நிதானமாக மேசையைக் கடந்தது.

“சார், இந்த மொடலுக்குப் பெட்டியே கிடையாதே! எல்லாம் ஸ்கிரீனுக்குப் பின்னாலதான் இருக்கு” என்று சத்தமாகச் சிரித்தார். வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு சின்னச்சாமி அண்ணன் நின்றார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

பின்னுக்கு நிக்கிறவங்களுக்கு

அதற்குப் பிறகு நடந்ததை அவரே என் கடைக்கு வந்து சொன்னார். கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. அதைக் கொடுக்காமல் முதலில் கதையைத்தான் ஆரம்பித்தார்.

“மக்யா நாளு பெரட்டுல கைய தூக்குனேங்க மிஸ். தொரை, ஒரு சந்தேகம்னேன். என்ன, சொல்லுன்னாரு. பொட்டி இல்லாமலே கம்பியூட்டரு ஓடும்னு நேத்து கொழும்பு அய்யா சொன்னாருங்களே, அப்ப நான் எதங்க களவாண்டேன்? என்னத்துக்குங்க மன்னிச்சீங்கன்னு கேட்டேன்.”

“ஐயோ! அப்புறம்?”

“தலைவரு வானத்தப் பாக்குறாரு. கொழுந்து எடுக்குற பொம்பளைங்க பக்கம்தான் மொதல்ல ஒரு சிரிப்பு வந்துச்சு. பொறவு ஒருத்தரும் நிப்பாட்டல. தொரை வாயத் தொறக்குறாரு, மூடுறாரு.”

ஏவுகிற தமிழ் எதுவும் அந்த நேரத்துக்குப் பொருந்தவில்லை போலிருக்கிறது.

“கிளாக்கரய்யாதான் முன்னுக்கு வந்தாரு. சொல்லுங்கோ சேர், அவன் எடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோன்னாரு. இத்தன வருஷத்துல அவரு தொரையப் பாத்து இப்புடிச் சொல்றத நான் இப்பத்தாங்க பாக்குறேன். தொரை கீழ பாத்துக்கிட்டே, ‘சின்னச்சாமி எடுக்கல’ன்னாரு.”

“அப்பாடா!”

“நான் விடலைங்க மிஸ். தொரை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கலன்னேன்.”

“சொன்னாரா?”

“சொன்னாருங்க.” அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. நானும் அழுதேன். கீழே பேக்கரியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். செய்தி கந்தப்பளைக்கு அன்றைக்கே போய்விட்டதாம், பத்திரிகை அதனால்தான் அச்சானது. ‘சிபியு’ என்ற பட்டம் மட்டும் லயத்தில் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது அது தொரைக்கு.

இடம் இருக்கா?

இனி பதில். அந்த மெஷின் இரண்டாவது மழைக்காலத்தில் செத்தது. மலைநாட்டு மிஸ்ட், அந்த ஈரப் பனிமூட்டம், உள்ளே இறங்கி பவர் போர்ட் போய்விட்டது. பழைய மாதிரி என்றால் பெட்டியைத் திறந்து ஒரு பவர் சப்ளை மாற்றி அடுத்த பஸ்ஸில் திரும்பியிருப்பேன். இதை முழுதாகக் கொழும்புக்கு அனுப்பவேண்டி வந்தது, போனது திரும்பவில்லை. ஆகவே பிள்ளைகளே, நுவரெலியா ஹோட்டல் ரிசெப்ஷனுக்கும், கண் மங்கிய கிளாக்கர்மாருக்கும் பெரிய ஸ்கிரீன் ஆல்-இன்-வன் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். மேசையும் சுத்தமாக இருக்கும். மிஸ்ட் நுழைகிற ஆபீசுக்குப் பெட்டிதான் நல்லது, அதை நம் கையால் திறக்கலாம்.

ஆனால் எதை விற்றாலும் ஒன்று செய்யுங்கள். நான் அந்தக் கல்யாணத்துக்குப் போய்வந்த நாளிலிருந்து கடையை மூடும்வரை செய்தது அது. தோட்டத்துக்கு ஒரு மெஷின் கொண்டுபோனால் முதலில் தொரையைத் தேடமாட்டேன். வாச்சரைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னால் காட்போட்டைப் பிரித்து, “அண்ணே, நல்லாப் பாத்துக்குங்க, வந்த சாமான் இவ்வளவுதான்” என்பேன். தன்னைக் காக்க வைத்துவிட்டு வாச்சருக்குக் காட்டுகிறாளே என்று முகம் சுளித்த தொரைமார் உண்டு. சுளிக்கட்டும்.