சொல்யூஷன் போட்டு ஒட்டிய விண்ணப்பம்

போன வாரம் வேலூர் கோர்ட்டு வாசலில் என் செருப்பு வாயைப் பிளந்துகொண்டது. உள்ளே வழக்கு கூப்பிடும் நேரம். மரத்தடியில் கடை போட்டிருந்தவரிடம் காலைத் தூக்கிக் காட்டினேன். தைத்தால் தாங்காது, ஒட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு தகர டப்பாவைத் திறந்தார். அவ்வளவுதான், அந்த வாசனை வந்துவிட்டது. இனிப்பும் காரமும் கலந்து, மூக்கில் ஏறி நெற்றிப்பொட்டில் போய் உட்காருகிற வாசனை. கடைக்காரர்கள் அதற்கு என்ன பெயர் வைத்து விற்றாலும் ஆம்பூர்க்காரர்களுக்கு அது சொல்யூஷன்தான். அவர் இரண்டு பக்கமும் தடவி உடனே அழுத்தப் போனார். "கொஞ்சம் காயட்டுங்க, வெரல்ல ஒட்டாத அளவுக்கு வந்ததும் அழுத்துங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என் கறுப்புக் கோட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"கம்பெனில இருந்தீங்களாம்மா?"

இருந்தேன் ஐயா, நான்கு வருடம். எங்கள் ஊரில் கம்பெனி என்றால் ஷூ கம்பெனி. வேறு எதற்கும் அந்தப் பெயர் கிடையாது. நான் ஒட்டுகிற மேசையில் வேலை பார்த்தேன். ஷூவின் மேல்பாகத்துக்கான தோல் துண்டுகளின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தையல்காரிக்கு அனுப்ப வேண்டும். எனக்குப் பக்கத்து இருக்கை நசீமா. இரண்டு பேருமே தபாலில் பி.ஏ. படித்து முடித்திருந்தோம். அந்தப் பட்டத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே பலன், மேசையில் யாருக்காவது இங்கிலீஷில் லீவு லெட்டர் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுவதுதான். காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து மூன்றுக்கும் நசீமா தனித்தனி மாதிரி வைத்திருந்தாள். அவள் எழுதிய காய்ச்சலுக்கு லீவு மறுக்கப்பட்டதே இல்லை.

சட்டம் படிக்கலாம் என்ற எண்ணமும் அவளுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நானே மாற்றிச் சொல்லிவிடக்கூடும். எங்கள் லைனில், அதாவது எங்கள் மேசை வரிசையில், ஒரு அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவளுக்காக வேலூரிலிருந்து ஒரு பெண் வக்கீல் வந்தார். மேனேஜர் யாருக்கும் உட்கார இடம் காட்டியதை நாங்கள் பார்த்ததில்லை. அன்றைக்கு அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதைத் தன் கைக்குட்டையால் வேறு துடைத்தார். மேனேஜரின் கண்ணாடி அறைக்கு வெளியிலிருந்து நசீமா இதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். நீதிக்காகவும் ஏழைகளுக்காகவும் சட்டம் படிக்க வந்ததாகப் பின்னாளில் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். உண்மையில் நாங்கள் ஆசைப்பட்டது அந்த நாற்காலிக்கு.

அப்போது எங்கள் பக்கத்தில் சட்டக் கல்லூரி கிடையாது. சென்னைக்குப் போய், வரிசையில் நின்று, ஃபாரம் வாங்கி வர வேண்டும். நசீமாவின் அப்பாதான் போய் வாங்கி வந்தார். அவர் தோல் வெட்டும் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். உருது மட்டும்தான் படிக்கத் தெரியும். மகளைவிட அவருக்குத்தான் உற்சாகம் ஜாஸ்தி. "ரெண்டு பேரும் வக்கீல் ஆயிட்டா நான் ஒரு கேசு போடணும் பேட்டி, யார் மேலன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். உருதுவில் பேட்டி என்றால் மகள். என் வீட்டில் இதற்கு நேரெதிர். கழுத்தில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறவளை என் அம்மா எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் தவித்தாள்.

ஃபாரத்தைப் பூர்த்தி செய்தோம். வலது மூலையில் ஒரு கட்டம், போட்டோ ஒட்ட. வீட்டில் சோற்றுப் பருக்கையோ கோந்தோ போட்டு ஒட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நான் யார்? மாவட்டத்திலேயே சிறந்த ஒட்டுக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு ஃபாரத்தையும் மேசையில் வைத்தேன். தோல் துண்டுகளை நாங்கள் எப்படி அடுக்குவோம் என்றால், ஒன்றின் மேல் ஒன்றாகச் சரித்து, தடவ வேண்டிய ஓரம் மட்டும் வெளியே தெரியும்படி வைப்போம். வேறு இடத்தில் சொல்யூஷன் படாது. அதே போல ஃபாரங்களையும் சரித்து, பெயர் எழுதிய இடத்தையெல்லாம் பழைய பேப்பரால் மூடி, இரண்டு கட்டம் மட்டும் தெரிய வைத்தேன். தடவினேன், காயவிட்டேன், போட்டோக்களை வைத்துச் சுத்தியலால் பூப்போலத் தட்டினேன். மேலே இருப்பது என்னுடையது என்று நினைத்தேன். பார்க்கவில்லை, நினைத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டதால் அப்படியே உறையில் போட்டு நசீமாவிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது பச்சை மை. அந்தக் காலத்தை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நீ நீதான் என்று நீயே சொன்னால் அரசாங்கம் நம்பாது. உன்னை முன்பின் பார்த்திராத ஒரு பெரிய அதிகாரி, உன் போட்டோவின் மேல் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, இவரை எனக்கு நேரில் நன்றாகத் தெரியும் என்று எழுதினால் நம்பும். நாங்கள் ஷிஃப்டில் இருந்ததால் நசீமாவின் அப்பாதான் இரண்டு ஃபாரத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு தலைமையாசிரியரிடம் போனார். அவர் யாரோடோ பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம், சீல் மட்டும் நன்றாகப் பார்த்து வைத்தாராம். அப்பா உருதுவில் மட்டும் படிப்பவர், ஃபாரம் இங்கிலீஷ். இரண்டு ஃபாரம், இரண்டு போட்டோ, இரண்டு பச்சைக் கையெழுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

விண்ணப்பம் கொடுக்கும் கடைசி நாளன்று லீவு சொல்லிவிட்டு ஜோலார்பேட்டையிலிருந்து வரும் காலை ரயிலில் ஏறினோம். அரக்கோணம் தாண்டியதும் நசீமா இன்னொரு தடவை சரிபார்க்கலாம் என்று உறையைப் பிரித்தாள். என் பெயர், என் அப்பா பெயர், என் மார்க்கு, மூலையில் நசீமா. அவளுடையதில் நான், வாயை இறுக மூடிக்கொண்டு. நகத்தால் சுரண்டிப் பார்த்தோம். எங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டுக்காரன் மழையில் நடந்தாலும் பிரியாத ஒட்டு அது, நகத்துக்கா வரும்? எனக்கு அழுகை வந்தது. நசீமா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் எங்களில் யாரைத் தேற்றுவது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கல்லூரிக் கவுண்டரில் இருந்த குமாஸ்தாவிடம் உண்மையைச் சொன்னோம். புது ஃபாரம் கேட்டோம். விற்பனை நேற்றோடு முடிந்துவிட்டது என்றார். போட்டோவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் பச்சை மையைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிம்மதி வந்தது. அட்டெஸ்டேஷன் சரியாக இருக்கிறது, எனக்கு அது போதும், மீதியைக் கவுன்சிலிங்கில் சொல்லிக்கொள்ளுங்கள் என்று இரண்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆக, அரசாங்க ஏட்டின்படி அன்றிலிருந்து நான் நசீமா ஜாடையில் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து எனக்குக் கவுன்சிலிங் அழைப்புக் கார்டு வந்தது. அவளுக்கு வரவில்லை. மார்க்கு கொஞ்சம் கம்மி. கார்டைப் பையில் மறைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். அவளே என் பையிலிருந்து கார்டை எடுத்துப் படித்துவிட்டு, கவுன்சிலிங் தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு, அன்றைக்குத் தனக்கும் ஒரு காய்ச்சல் லெட்டர் எழுதிக்கொண்டாள். ஆர்டர் நெருக்கடியான மாதம். ஒரு நாள் வராவிட்டால் தண்டனையாக வேறு லைனுக்கு மாற்றிவிடுவார்கள். நான் வேண்டாம் என்றேன்.

"போட்டோ நானு. நான் இல்லாம நீ போய் இன்னா பண்ணுவ?"

கவுன்சிலிங் மேசையில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஃபாரத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம்தான் கூடியது. ஷூ, சொல்யூஷன், சரித்து அடுக்குவது எதுவும் அவருக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது ஒன்றுதான். இந்தப் போட்டோவில் இருப்பவர்தான் இந்தப் பெயருக்கு உரியவர் என்று ஒரு அதிகாரி சான்று தந்திருக்கிறார், அதிகாரி பொய் சொல்ல மாட்டார், எனவே நான் வேறு யாரோ. சீட்டை நிறுத்தி வைக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்தவரிடம் காகிதத்தைத் தள்ளினார். நாற்காலியும் போச்சு, கம்பெனியும் போச்சு என்று நின்றேன். அப்போது வாசலில் நின்ற நசீமா கூப்பிடாமலே உள்ளே வந்தாள்.

"சார், மூஞ்சி என்னுது. மார்க்கு அவளுது. நீங்க சீட்டு குடுக்கறது மார்க்குக்குத் தானே சார்?"

நடுவில் இருந்தவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். ஓரத்தில் இருந்த அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உனக்கு எந்த ரேங்க் என்று அவளைக் கேட்டார்.

"எனக்கு வர்ல மேடம். நான் சும்மா மூஞ்சிக்கு வந்தேன்."

அம்மையாரின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பேரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு எனக்குச் சீட்டுக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் வாதம் அது. இத்தனை வருடத்தில் அதைவிடச் சுருக்கமாக ஒன்றை நான் வாதாடியதில்லை. வாதாடியவள் சாயந்திர ரயிலில் ஆம்பூருக்குத் திரும்பி, மறுநாள் வேறு லைனுக்கு மாற்றப்பட்டாள். வாதாடத் தெரியாமல் நின்ற நான் வக்கீலுக்குப் படிக்கப் போனேன்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல கதை. கல்லூரி விழாக்களில் இதோடு நிறுத்திக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். உங்களிடம் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடம் நசீமா என் கல்லூரி விடுதிக்குக் கடிதம் போட்டாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வர முடியாது, புது லைனில் லீவும் கிடைக்காது, ஃபாரம் விற்க ஆரம்பித்ததும் ஒன்று வாங்கித் தபாலில் அனுப்பு என்று எழுதியிருந்தாள். கவுண்டர் என் வகுப்புக்குப் போகும் வழியில் இருந்தது. தினமும் இரண்டு தடவை தாண்டிப் போனேன். அப்போது எனக்கு மாதிரி நீதிமன்றப் போட்டி, புதுத் தோழிகள், புது இங்கிலீஷ். வரிசை நீளமாக இருக்கிறது, நாளைக்கு. சாப்பாட்டு நேரம், நாளைக்கு. ஒரு நாள் தாண்டும்போது வரிசையே இல்லை. சந்தோஷமாகப் போய்க் கையை நீட்டினேன். முந்தின நாளே முடிந்துவிட்டது என்றார் அதே குமாஸ்தா.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து கம்பெனி நம்பருக்குப் போன் செய்து, ஸ்டாக் தீர்ந்துவிட்டது, இரண்டே நாளில் எல்லாம் போய்விட்டதாம் என்று சொன்னேன். அடுத்த வருடம் பார்த்துக்கலாம் என்றாள். அந்த அடுத்த வருடத்தில் அவள் அப்பா இறந்துபோனார். அதற்கும் அடுத்ததில் அவள் சூப்பர்வைசர். பிறகு ஃபாரம் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது அவள் மேல்விஷாரம் பக்கம் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். லைனில் யாருக்குப் பி.எஃப். தகராறு என்றாலும் நம்ம வக்கீலம்மாகிட்ட போ என்று என்னிடம் அனுப்புகிறாள். போன ரம்ஜானுக்கு அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு என்ன தோன்றியதோ, பாதிச் சாப்பாட்டில் அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டுவிட்டேன். அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

"தெரியும்டி. அந்த வருசம் எங்க தெருப் பொண்ணு கடைசி நாளு போய் ஃபாரம் வாங்கினு வந்தா. அத வச்சிதான் தெரியும். நீ ஒருத்தியாவது ஆயிட்ட, உன்னாண்ட சண்ட போட்டு இன்னா பண்றது. சாப்புடு."

சாப்பிட்டேன். எப்படி இறங்கியது என்று கேட்காதீர்கள்.

சமீபத்தில் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போனபோது அந்தக் கவுண்டரைத் தேடினேன். செங்கல் வைத்து மூடிச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஃபாரம் இல்லை, வரிசை இல்லை, பச்சை மை இல்லை, நீ நீதான் என்று நீயே சொன்னால் போதும். எல்லாம் கைப்பேசியில். என்னோடு படித்தவர்கள் அந்த வரிசையில் கிடைத்த நட்பு மாதிரி வருமா என்று பெருமூச்சு விட்டார்கள். நான் விடவில்லை. ஷிஃப்டு முடிந்து பஸ்ஸில் நின்றபடியே ஒரு பெண் தன் விண்ணப்பத்தைத் தானே அனுப்பிக்கொள்கிறாள், ஊரில் எந்தச் சிநேகிதியையும் நம்பாமல். நல்லது, அப்படியே இருக்கட்டும். எனக்கு மட்டும் ஒரு குறை. ஒரு ஃபாரம் வாங்கி அனுப்பு என்று இப்போது என்னை யாரும் கேட்பதில்லை. கேட்டால் அன்றைக்கே வாங்கிவிடுவேன்.