கொன்ஸ்ரன்ஸ் டீச்சரின் இடது கை

“நேரா போங்க டீச்சர்” என்று ஐந்து வயதுக் குரலொன்று கட்டளையிட, கொன்ஸ்ரன்ஸ் டீச்சர் நேரே போய்ச் சுவரில் முட்டிக்கொள்கிறார். “இன்னும் போங்க.” இன்னும் முட்டுகிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர் சிரிப்பதில்லை.

“கொம்பியூட்டரும் இப்பிடித்தான். சொன்னதைச் செய்யும். சுவர் இருக்கெண்டு அதுக்குத் தெரியாது. நீங்கதான் யோசிச்சுச் சொல்லோணும்.”

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த நேர்சரி. கணினிகள் மூன்று. நிர்வாகி ஒஸ்வால்ட் அவற்றைப் பொலித்தீனால் மூடி வைத்து, பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி, “திஸ் இஸ் த மொனிட்டர்” என்று ஒப்புவிக்கப் பழக்குவார். டீச்சர் காலையில் வந்ததும் அந்தப் பொலித்தீனைப் பிடுங்கிச் சுருட்டி மூலையில் எறிவார். “தொட்டுப் பார் பிள்ளை, அது கடிக்காது. கடிக்கிற ஆள் ஒப்பீசுக்குள்ள இருக்கிறார்.” ஒஸ்வால்ட்டின் காதில் விழட்டும் என்றே இதை உரத்துச் சொல்வார்.

கோபம் அவருக்கு மூக்கு நுனியில். பஸ் கொண்டக்டரிடம் சிங்களத்தில் சீறுவார், மீன்காரனிடம் தமிழில். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்டாக இருந்த காலத்திலும் அப்படித்தானாம்.

பிறவியிலேயே இடக்கைக்காரி. சின்ன வயதில் தாய் அந்தக் கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டித் திருத்தினார். கை திருந்தியது, எழுத்து திருந்தவில்லை. இன்றைக்கும் கோழி கிளறியது போலிருக்கும். “டைப்ரைட்டர் மட்டுந்தான் என்ர ரெண்டு கையையும் ஒரே மாதிரி நடத்தினது” என்பார். கடையில் காசு நீட்டும்போது இடது கை தானாக முன்னே வரும். யாரோ அடிக்க வந்ததுபோல் சட்டென்று இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டுவார். இந்த வயதிலும் போகாத அந்தப் பயத்தின் மேல்தான் அவருக்கு எல்லாவற்றையும் விடக் கோபம்.

வகுப்பில் மெலனி என்றொரு சிறுமி. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். மவுஸை இடப்பக்கம் வைத்துக் கொடுத்தால் திரையில் கப்பல், காகம், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் வரும். வலப்பக்கம் வைத்தால் ஒரு கோடும் உருப்படாது. பெற்றோர் தினத்தில் தலைமை தாங்க வரும் பங்குக் கோயில் பாதருக்கு முன்னால் மெலனிதான் வரைய வேண்டும் என்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்று ஒஸ்வால்ட்டைச் சம்மதிக்க வைத்தார்.

அன்று தாய் மாக்ரெட் பிள்ளையைக் கூட்டி வந்தபோது, பிள்ளையின் இடது மணிக்கட்டு வெள்ளைக் கைக்குட்டையால் சட்டைப் பட்டியோடு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

“என்ன இது?”

“கழுவுற கையைப் பாதருக்கு முன்னால நீட்டினா என்ன மரியாதை, டீச்சர்? இண்டைக்கு ஒரு நாள் சோத்துக் கையால கீறட்டும்.”

“வேற பிள்ளையை இருத்துவம்” என்றார் ஒஸ்வால்ட், பாதருக்குக் கேட்காமல். மெலனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

“எனக்கும் அம்மா இப்பிடித்தான் கட்டினவ, மாக்ரெட். அவ செத்தே எத்தினையோ வருசம். கட்டு இன்னும் அவிழேல்ல.”

குனிந்து முடிச்சை அவிழ்த்தார். பிள்ளையைக் கதிரையில் ஏற்றி, மவுஸை இடப்பக்கம் நகர்த்தினார். மெலனி சிவந்த மணிக்கட்டைத் தேய்த்துவிட்டு வரையத் தொடங்கினாள். திரையில் ஒரு சுவர் வந்தது. அதில் மூக்கை முட்டிக்கொண்டு கொன்ஸ்ரன்ஸ் டீச்சர் நின்றார். பாதர் வாய்விட்டுச் சிரித்தார்.

மாக்ரெட் சிரிக்கவில்லை. “என்ர லேஞ்சி, டீச்சர்” என்று கையை நீட்டினாள்.

டீச்சர் கைக்குட்டையை உதறி நாலாக மடித்தார். இடது கை தானாக முன்னே போயிற்று. அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை. பாதரும் ஒஸ்வால்ட்டும் பார்த்திருக்க, மாக்ரெட் வாங்கும்வரை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்.