ஒரு ரக்ஷயும் இல்ல

முதுகலை முதல் பருவம் முழுக்க எனக்குக் கைப்பேசிக்குள்தான் நடந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்து, தம்பானூரில் அப்பாவோடு ஒற்றை அறையில் தங்கியிருந்தேன். அப்பா அங்கே ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். மலையாளம் காதில் விழுந்தால் பாதி புரியும். வகுப்புப் பிள்ளைகள் அதையே ஆங்கில எழுத்தில் சுருக்கிச் சுருக்கி எழுதினால் ஒரு மண்ணும் புரியாது. ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

தொழிலாளர் குடியிருப்பு பற்றி எல்லோரும் இணைய விவாதப் பக்கத்தில் எழுத வேண்டும் என்றார் சமூகவியல் ஆசிரியை. எங்கிருந்தாவது எடுத்துப் போட்டால் அந்தத் தாளிலேயே தோல்விதான் என்றும் சொல்லியிருந்தார். நான் பொன்முடி எஸ்டேட் லயன் வீடுகளில் ஆரம்பித்து எங்கள் அறைக்கு வந்தேன். அப்பா வேலை முடிந்து வந்து படுத்தால் நான் வாசலில் உட்கார்ந்து வகுப்பு கேட்பது, மாவு வாடை அடிக்கும் அவர் சட்டை என் தலைக்கு மேல் கொடியில் தொங்குவது எல்லாவற்றையும் எழுதினேன். எழுதியதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆங்கிலமும் நொண்டியது. அதை மறைக்க, யாருடைய வலைப்பூவிலிருந்தோ கனமான மூன்று வரிகளை எடுத்து நடுவில் செருகினேன்.

பத்து நிமிடத்தில் கீழே ஒரு பதில். பி, ஓ, எல், ஐ. போலி! இன்னொருத்தியும் அதையே எழுதி, பக்கத்தில் நெருப்புப் படம் போட்டாள். அடுத்து ஒருவன், 'ஒரு ரக்ஷயும் இல்ல' என்று எழுதி, கைதட்டும் படமும் போட்டான். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ரட்சிப்பைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் நான். இனி மீட்பே கிடையாது என்றுதான் அதைப் படித்தேன். ஆனால் கைதட்டும் படம் எதற்கு? திட்டுகிறார்களா, கேலி செய்கிறார்களா? கூட்டிக் கழித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. ஆசிரியை கேட்பதற்குள் நாமே சொல்லிவிடுவோம் என்று, எல்லோரும் பார்க்க அங்கேயே எழுதினேன்: மூன்று வரிகள் என்னுடையவை அல்ல, மன்னிக்கவும்.

கொஞ்ச நேரத்தில் பாறசாலைக்காரியான வகுப்புத் தோழி அழைத்தாள். அவள் வீட்டிலும் தமிழ்தான்.

"உனக்கு வட்டா பிள்ளே, கிறுக்கு பிடிச்சிருக்கா? அது போலி இல்ல, பொளி. பொளின்னு எழுதினா சூப்பர்னு அர்த்தமாக்கும்."

"அப்ப ரக்ஷை இல்லைன்னு ஒருத்தன் போட்டிருக்கானே?"

"அது சூப்பருக்கும் மேல."

"அந்த மூணு வரியைக் கண்டுபிடிச்சிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்?"

"அதை ஆரு வாயிச்சா? போரடிச்சு, விட்டாச்சு. உங்கப்பாக்க சட்டையப் பத்தி எழுதினியே, அதாக்கும் பொளி."

அழுவதா சிரிப்பதா தெரியாமல் போனை வைத்தேன். சாயங்காலம் ஆசிரியையிடமிருந்து செய்தி வந்தது. தாளில் தோல்வி இல்லை. இந்த விவாதத்துக்கு மட்டும் மதிப்பெண் பூஜ்யம். எடுத்த வரிகளை நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டும்.

தாள் தப்பியதில் நிம்மதிதான். மூன்று வரிகளையும் அழித்துவிட்டு முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். எங்கேயும் எதுவும் குறையவில்லை. வகுப்பில் அத்தனை பேர் படித்திருக்கிறார்கள். அந்த அறையைப் பார்த்து வெட்கப்பட்டது நான் ஒருத்தி மட்டும்தான்.