மூன்றாவது கீமோவுக்கு நான் போகவில்லை

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு நோயாளிகள். அவளுக்கு மருந்து இருந்தது. எனக்குத்தான் யாரும் எதுவும் எழுதித் தரவில்லை.

கீமோ ஏற்றிய பிறகு காய்ச்சல் கண்டால் உடனே கூட்டி வாருங்கள் என்று புதுச்சேரி மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காய்ச்சல் எப்படியும் வந்தே தீரும் என்று நானாக முடிவு செய்துகொண்டு, தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகிக்கொண்டு அலைந்தேன். அவள் மதியம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன்.

"இருக்கேன். வேற வேலை இருந்தா போய்ப் பாருங்க" என்பாள், கண்ணைத் திறக்காமலே.

குள்ளஞ்சாவடியிலிருந்து பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்த அவளுடைய அண்ணனையே, கிருமி வந்துவிடும் என்று வாசலோடு திருப்பி அனுப்பினேன். பழத்தைத் திருப்பி அனுப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்ப்பவன். அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நிற்காமல் நாங்கள் இடத்தை விட்டு நகரக் கூடாது. வந்தவரிடம் பெல்ட் எப்படி ஓடுகிறது, எங்கே சத்தம் போடுகிறது என்று வாயால் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இத்தனை வருஷத்தில் அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

நான் வேலைக்குப் போகும் நேரங்களில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்து உட்கார்ந்துகொள்ளும். கூடப் பிறந்தவள் இல்லை. அண்ணே, அக்கா என்று எங்களைக் கூப்பிட்டே சொந்தமாகிவிட்ட பெண். இரண்டாவது கீமோ முடிந்த வாரம், ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதனிடம் கடகடவென்று சொன்னேன்:

"காலையில இட்லி ரெண்டு உள்ள போச்சு, ஒண்ணு வெளிய வந்துடுச்சு. சூடு நார்மல். முனகல் இருக்கு, ஆனா அது பழைய சத்தம்தான், பயப்படாத. லோடு மட்டும் அதிகம் ஏத்திடாத."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "கிரீஸ் எப்ப அடிக்கணும்னும் சொல்லிட்டுப் போங்க!"

தங்கச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

ஆனால் அன்று சாயங்காலம் அவள் சிரிக்கவில்லை. "அடுத்த ஊசிக்கு நீங்க வர வேணாம். உங்க தங்கச்சி வரட்டும்."

"ஏன்? நான் என்ன பண்ணேன்?"

"போன தடவை எனக்கு நரம்புல ஊசி ஏத்துறப்ப நீங்க மயக்கம் போட்டு விழுந்தீங்க. நர்ஸ் என்னை விட்டுட்டு உங்களுக்கு எலுமிச்சை ஜூஸ் குடுத்தாங்க."

"அது காலையில சாப்பிடாம வந்ததால..."

"டாக்டர்கிட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும். நீங்க இருந்தா கேக்க முடியாது."

என்ன கேட்கப் போகிறாள் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. தெரியும். தெரிந்ததனால்தான் இல்லை.

அந்த நாளும் வந்தது. அவளும் தங்கச்சியும் வாடகைக் காரில் ஏறிப் போனார்கள். கார் பக்கத்து ஊரான வடக்குத்தையாவது தாண்டியிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கை போனைப் போட்டுவிட்டது.

தங்கச்சிதான் எடுத்தது. "அண்ணே, பண்ருட்டியே இன்னும் வரல. அக்கா ஜன்னல் பக்கம் சாஞ்சிகினு நல்லா தூங்குது. நீங்க எழுப்பாதீங்க. போனை வைங்க."

வைத்தேன். ஏற்கெனவே துவைத்த துணியை மறுபடி துவைத்தேன். லீவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்கே போய்விடலாம் என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டால், "நீ இருக்கிற நெலமையில பெல்ட் பக்கம் வந்துடாதேப்பா, பெல்ட் பாவம்" என்றார். பிளாக்கைச் சுற்றி நடந்தேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். என் மண்டைக்குள் அவர் ஓயவே இல்லை.

சாயங்காலம் வந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. கட்டிலில் படுக்க வைத்ததும், நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"பொழைப்பேனான்னு கேட்டேன்."

நான் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தேன்.

"மருந்து கேக்குதாம். கட்டி சுருங்கியிருக்காம். ஆனா இப்பவே உறுதியா எதுவும் சொல்ல மாட்டேன்னார். மூடி மறைக்காம சொன்னாரு. நல்ல மனுஷன்."

"இதை நான் இருக்கும்போதே கேட்டிருக்கலாமே?"

"அழுவீங்க. உங்களைத் தேத்தி முடிக்கிறதுக்குள்ள டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாரு."

உண்மை. அப்போதே அழுதுகொண்டுதான் இருந்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். தங்கச்சி உலை வைத்துக்கொண்டிருந்தது. அதன் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வரும் நேரம். நாள் முழுக்க இன்னொருத்தி வாந்தியைப் பிடித்துவிட்டு வந்து, நின்ற நிலையில் அரிசி களைந்துகொண்டிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"டாக்டர்கிட்ட அவ கேட்டப்ப நீ பக்கத்துலயே இருந்தியாம்மா?"

"கையைப் புடிச்சிகினுதான் இருந்தேன்."

"உனக்கு அழுகை வரலியா?"

"வராம? வெளிய வராண்டாவுல போய் அழுதுட்டு வந்தேன். அக்காவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க. காபி போடட்டுமாண்ணே?"

வேண்டாம் என்று வந்துவிட்டேன். என் மனைவி அந்தக் கேள்வியைக் கேட்ட நேரத்தில், அந்த அறையில் அவளுக்குப் பிடித்துக்கொள்ள, அழாத ஒரு கை கிடைத்திருக்கிறது. அது என் கையாக இல்லாமல் போனதில் வெட்கப்பட வேண்டும் என்று முயன்று பார்த்தேன், வரவில்லை. நன்றிதான் வந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. நன்றி சொன்னால், "என்னண்ணே புதுசா" என்று அந்தப் பெண் அடிக்க வரும்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"காலை ஆட்டாதீங்க. கட்டில் ஆடுது, குமட்டுது" என்றாள் மனைவி.

நிறுத்தினேன். எனக்குத் தெரியாமலே மறுபடி ஆட ஆரம்பித்தது. அவள் சலித்துக்கொண்டு, போர்வைக்குள்ளிருந்து தன் காலை எடுத்து என் முழங்கால் மேல் வைத்து அழுத்தினாள். கால் நின்றது. எனக்குள்ளே மற்றதெல்லாம் ஆடிக்கொண்டேதான் இருந்தது. அவள் தூங்கிப்போன பிறகும் அந்தக் காலை நான் இறக்கி வைக்கவில்லை.