தண்ணி லாரி குரூப்பில் நான் போட்ட ஸ்டிக்கர்

எனக்கு டைப் அடிக்க வராது. ஆனால் ஸ்டிக்கர் அனுப்புவதில் பருத்திப்பட்டில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. துக்கத்துக்கு அழுகிற பூனை, சந்தோஷத்துக்கு ஆடுகிற குழந்தை... எழுத்து எதற்கு?

போன வாரம் பேத்தி திவ்யாவின் போனில் புதிதாக ஒன்று பார்த்தேன். ஒரு பெண் கொட்டாவி விடுகிறாள். பிளந்த வாய்க்குள் ஒரு லாரி போகிறது. முகத்தைக் கன்னாபின்னாவென்று இழுத்திருந்ததால் யாரென்று தெரியவில்லை. அனுப்பச் சொன்னேன். தயங்கினாள். விடுவேனா? பிடுங்கி நானே அனுப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை தண்ணி லாரி வந்தது. லாரி வந்தால் சொல்வதற்கென்றே இருக்கும் எங்கள் தெரு குரூப்பில் அதைத் தட்டிவிட்டேன். தெருவே சிரித்தது. பெருமையாகக் குடத்தோடு இறங்கினேன்.

எதிர்வீட்டு செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

"அது எம்பொண்ணு நிவேதா, ஆயா. ஒரு வாரமா காலேஜுக்கே போவல. நாளைக்கு பிராக்டிகல்... அதுக்கும் போவ மாட்டேன்றா."

குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நிவேதாவும் திவ்யாவும் ஒரே வகுப்பு.

"யாருடி இத்த செஞ்சது?"

"நாந்தான் ஆயா. க்ளாஸ்ல கொட்டாவி உட்டுக்கினு இருந்தா, போட்டோ புட்சேன். சும்மா ஜாலிக்கு..."

"எத்தினி பேரு ஜாலியா கீறீங்க?"

"க்ளாஸ் பொண்ணுங்க மொத்தம். நிவி மட்டும்தான் அந்த குரூப்ல இல்ல."

இருவரும் எதிர்வீட்டுக்குப் போனோம். நிவேதா திவ்யாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினாள்.

"காலேஜ்ல சிரிச்சா ஊட்டுக்கு வந்துருவேன் ஆயா. நீ ஊட்டாண்டயே போட்டுட்ட. இப்ப நான் எங்க போறது?"

 

அங்கேயே உட்கார்ந்து தெரு குரூப்புக்குப் பேசி அனுப்பினேன். "அது நம்ம நிவேதா. தெரியாம போட்டேன். என் தப்புதான். யாரும் யாருக்கும் அனுப்பாதீங்கோ."

திவ்யா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வகுப்பு குரூப்பில், செய்தது தான்தான், யாரும் இனிப் போடவேண்டாம் என்று எழுதினாள். இரண்டு பேர் அதே ஸ்டிக்கரைப் பதிலாகப் போட்டார்கள்.

மறுநாள் நிவேதா பிராக்டிகலுக்குப் போனாள். திவ்யாவோடு இல்லை — முந்தின பஸ்ஸில், தனியாக.

என் போனில் இருந்ததை அழித்துவிட்டேன். மற்றவர்கள் எடுத்து வைத்துக்கொண்டதை எப்படி அழிப்பது என்று திவ்யாவைக் கேட்டேன்.

"அது முடியாது ஆயா" என்றாள், கம்ப்யூட்டர் படிக்கிறவள்.